ஒன்ராறியோவில் காணிப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பிக்கிறீர்களா? பிராந்தியத்துக்கு எது, மாநகரசபைக்கு எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் சங்கம் ஒரு பிராந்திய வீதியோரத்தில், அதாவது சில ஊர்களில் மாநகரசபைக்கு மேலே இருக்கும் பிராந்திய அரசின் வீதியோரத்தில், பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றை வாங்கியது. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, முதியோர் கூடியிருக்க ஓர் இடம், ஆண்டுக்குச் சில விழாக்கள், இவ்வளவுதான் எங்கள் தேவை. ஆனால் அந்தக் காணி கைத்தொழிலுக்கென வகுக்கப்பட்டிருந்ததால், அதிகாரபூர்வத் திட்டத்தையும் (ஒஃபிசியல் பிளான்) வலய விதியையும் (சோனிங்) திருத்தாமல் மண்டபமாகப் பயன்படுத்த முடியாது என்றார்கள். அனுமதி கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அவற்றில் ஏழு மாதங்கள் வீணாய்ப் போனதற்குக் காரணம், எந்தப் பொறுப்பு பிராந்திய அரசுடையது, எது மாநகரசபையுடையது, எந்தக் கட்டணம் யாருக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்ததே. முதல் முறை விண்ணப்பிக்கும் வேறொரு சங்கமோ கோயிலோ குடும்பமோ அதே மாதங்களை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. உங்கள் காணி எத்தனை அடுக்கு ஆட்சியின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்

ஒன்ராறியோவில் எல்லா ஊர்களும் ஒரே மாதிரி ஆளப்படுவதில்லை. ரொறொன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் போன்றவை ஓரடுக்கு மாநகரங்கள். அங்கே பிராந்தியம் என்று ஒன்று இல்லை. ஸ்காபரோவில் காணி வைத்திருப்பவர் ரொறொன்ரோ மாநகரசபையோடு மட்டுமே பேச வேண்டும் என்பதால், அவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

மார்க்கம், பிரம்ரன், ஏஜாக்ஸ், மில்ரன் போன்ற இடங்களில் இரண்டு அடுக்குகள் உள்ளன. மேலே யோர்க், பீல், டூரம், ஹோல்ரன் என்னும் பிராந்தியங்களும் கீழே உள்ளூர் மாநகரசபைகளும் இருக்கின்றன. இங்கேதான் குழப்பம் வருகிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டமூலம் 23, குறிப்பிட்ட சில மேலடுக்கு அரசுகளிடமிருந்து திட்டமிடல் பொறுப்பை எடுத்துவிட ஏற்பாடு செய்தது. யோர்க், பீல், ஹோல்ரன் ஆகிய மூன்றுக்கும் இது 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டூரமுக்கும் வாட்டர்லூவுக்கும் 2025 ஜனவரி 1 அன்றும், நயாகராவுக்கு 2025 மார்ச் 31 அன்றும் வந்தது. அந்தத் திகதிகளுக்கு முன்னர் எழுதப்பட்ட படிவம், சரிபார்ப்புப் பட்டியல், தெரிந்தவர் தந்த பழைய கோப்பு எதையும் நம்பி வேலை தொடங்க வேண்டாம்.

மூன்றாவது வகையும் உண்டு. வெலிங்டன் கவுண்டி, மஸ்கோகா மாவட்டம் போன்ற மேலடுக்கு அரசுகள் திட்டமிடல் பொறுப்பை இழக்கவில்லை. அத்தகைய இடங்களில் உள்ளூர் சபை நிறைவேற்றிய அதிகாரபூர்வத் திட்டத் திருத்தத்தை மேலடுக்கு அங்கீகரிக்க வேண்டியிருக்கலாம். அப்போது கட்டணமும் இரண்டு இடங்களில், காத்திருப்பும் இரண்டு இடங்களில்.

2. எந்த ஆவணத்தைத் திருத்த வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள்

நாம் பேச்சில் ஒஃபிசியல் பிளான் என்று சொல்லும் அதிகாரபூர்வத் திட்டம், ஊரின் எந்தப் பகுதி எதற்கு என்று பொதுவாகச் சொல்கிறது. சோனிங் என்று சொல்லும் வலய விதி, ஒரு குறிப்பிட்ட காணியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரத்தில், எத்தனை வாகனத் தரிப்பிடங்களோடு என்று சட்டமாகச் சொல்கிறது. வலய விதி அதிகாரபூர்வத் திட்டத்துக்கு முரணாக இருக்க முடியாது. ஆகவே திட்டம் அனுமதிக்காத பயன்பாடு உங்களுக்கு வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். திட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது, வலய விதி மட்டும் தடுக்கிறது என்றால், செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். வேண்டியது சில மீற்றர் இடைவெளி மாற்றமோ இரண்டு தரிப்பிடக் குறைப்போ மட்டும் என்றால் சிறு விலக்குக்கு விண்ணப்பித்தாலே போதும். அது முற்றிலும் வேறான, மலிவான வழி.

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. பிராந்தியம் திட்டமிடல் பொறுப்பை விட்ட பிறகும் அதன் பழைய அதிகாரபூர்வத் திட்டம் மறைந்துவிடவில்லை. அதில் உங்கள் ஊருக்குப் பொருந்தும் பகுதிகள், உள்ளூர் சபை அவற்றை நீக்கும்வரை அல்லது தன் திட்டத்தோடு இணைக்கும்வரை, உள்ளூர் சபையின் திட்டமாகவே கருதப்படுகின்றன. எனவே ஒரே காணிக்கு இரண்டு திட்டங்களைத் திருத்த வேண்டிய நிலை வரலாம்: உள்ளூர்த் திட்டம் ஒன்று, பிராந்தியத்திடமிருந்து வந்த திட்டம் மற்றொன்று. இரண்டு விண்ணப்பங்களும் இப்போது உள்ளூர் சபைக்கே போகின்றன. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணமா, ஒன்றா என்பது சபைக்குச் சபை மாறும். மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று: உள்ளூர் சபை புதிய அதிகாரபூர்வத் திட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தால், அது நடைமுறைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திருத்தம் கோர முடியாது, சபை தீர்மானம் போட்டு அனுமதித்தால் மட்டுமே முடியும். காணி வாங்குவதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

3. பொறுப்புகளை ஒரே தாளில் இரண்டு நிரல்களாக எழுதுங்கள்

நாங்கள் கடைசியில் செய்த, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் மாநகரசபை என்றும் வலப்பக்கம் பிராந்தியம் என்றும் எழுதி, ஒவ்வொரு வரியிலும் யார் பரிசீலிக்கிறார், யார் முடிவு செய்கிறார், யாருக்குப் பணம் என்ற மூன்றையும் குறியுங்கள்.

திட்டமிடல் பொறுப்பு இல்லாத பிராந்தியங்களில் இடப்பக்கம் நீளமாக இருக்கும். விண்ணப்பத்தை ஏற்பது, அது முழுமையானதா என்று தீர்மானிப்பது, அறிவித்தல் அனுப்புவது, பொதுக்கூட்டம் நடத்துவது, வாக்கெடுப்பு, தளத் திட்ட அனுமதி, கட்டட அனுமதி, தீயணைப்பு, மழைநீர் வடிகால், பூங்கா நிலத்துக்குப் பதிலான பணம் ஆகிய எல்லாம் உள்ளூர் சபையின் வேலைகள்.

வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அதுதான் எங்கள் பெரிய தவறு. பிராந்தியம் இழந்தது திட்டமிடல் முடிவை மட்டுமே. வீதியும் குழாயும் இன்னும் அதனுடையவை. பிராந்திய வீதியில் வாகன நுழைவாயில் வேண்டுமானால் அனுமதி பிராந்தியத்திடமே. வீதியை அகலப்படுத்த உங்கள் முன்பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை அது கேட்கலாம். போக்குவரத்து ஆய்வை அதன் பொறியியலாளர்களும் படிப்பார்கள். குடிநீரிலும் கழிவுநீரிலும் பிரிவினை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது: டூரம், பீல், ஹோல்ரன் ஆகியவற்றில் உங்கள் காணி வாசல்வரை வரும் குழாய் பிராந்தியத்துடையது. யோர்க்கில் பிராந்தியம் மொத்தமாக நீரை வழங்க, தெருக் குழாய்களை உள்ளூர் மாநகரசபை நடத்துகிறது. ஆகவே ஏஜாக்ஸில் இருப்பவர் குழாய் இணைப்புக்குப் பிராந்தியத்திடம் போக, மார்க்கத்தில் இருப்பவர் அதே காரியத்துக்கு மாநகரசபையிடம் போகிறார். வேறு பிராந்தியத்தில் இருக்கும் நண்பரின் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டு நிரல்களுக்கும் வெளியே மூன்றாவது ஒரு சிறு பட்டியலும் தேவைப்படலாம். ஓடையோ வெள்ளச் சமவெளியோ அருகில் இருந்தால் நீரேந்துப் பாதுகாப்பு அதிகாரசபை தன் கட்டணத்தோடு வரும். மாகாண நெடுஞ்சாலைக்கு அருகில் இருந்தால் மாகாணப் போக்குவரத்து அமைச்சின் அனுமதி வேண்டும்.

4. கட்டணங்களை வரிவரியாகக் கூட்டுங்கள்

எங்கள் முதல் காசோலைக்கு நடந்த கதையைச் சொல்கிறேன். பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்து, திட்டத் திருத்தப் பரிசீலனைக்கென ஒரு காசோலையைப் பிராந்தியத்துக்கு அனுப்பினோம். அப்போது அந்தப் பிராந்தியம் திட்டமிடல் பொறுப்பை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஐந்து வாரம் கழித்து அதே காசோலை எங்கள் தபால் பெட்டிக்குத் திரும்பி வந்தது. அதன் மூலையில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டில், இந்தக் கட்டணம் இனி இல்லை, உங்கள் மாநகரசபையைத் தொடர்புகொள்ளுங்கள் என்று பேனாவால் எழுதியிருந்தது. நாங்கள் மகிழ்ந்து, பிராந்தியத்துக்கு இனி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று முடிவு கட்டினோம். நான்கு மாதம் கழித்து, நுழைவாயில் பரிசீலனைக்கும் நீர், கழிவுநீர் அறிக்கையைப் படிப்பதற்கும் பிராந்தியத்தின் வேறு இரண்டு கட்டணங்கள் கட்டப்படாததால் அதன் கருத்துரை நிற்கிறது என்று கடிதம் வந்தது. அந்த இரண்டும் அதன் பொறியியல் கட்டண அட்டவணையில் இருந்தன. நாங்கள் பார்த்ததோ திட்டமிடல் அட்டவணையை மட்டும்.

ஆகவே உள்ளூர் சபையின் கட்டண விதியை முழுதாகத் தரவிறக்குங்கள். பிராந்தியத்தின் கட்டண விதியில் திட்டமிடல் என்ற தலைப்பை மட்டும் தேடாமல், வீதிகள், நீர், கழிவுநீர், மேம்பாட்டுப் பரிசீலனை என்ற தலைப்புகளையும் தேடுங்கள். அட்டவணையில் நட்சத்திரக் குறியிட்ட வரிகளின் அடிக்குறிப்பைப் படியுங்கள். மீள்சமர்ப்பிப்புக் கட்டணம், வெளியாட் பரிசீலகரின் செலவு, அறிவித்தல் பலகையின் செலவு, சட்டப் பிரிவின் கட்டணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பல சபைகள் ஜனவரியில் கட்டணத்தை உயர்த்துகின்றன என்பதால், டிசம்பரில் முழுமையான விண்ணப்பம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். பெரிய மாநகரங்களில் திட்டத் திருத்தமும் வலயத் திருத்தமும் சேர்ந்து பல பத்தாயிரம் டொலர் ஆவது வழமை. ஆலோசகர்களின் அறிக்கைச் செலவு பல வேளைகளில் அதையும் தாண்டும்.

உங்களுக்குச் சட்டம் தரும் மூன்று பாதுகாப்புகளை இங்கே சொல்ல வேண்டும். மாகாணத் திட்டமிடல் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, ஒரு வகை விண்ணப்பத்தைக் கையாள எதிர்பார்க்கப்படும் செலவை மட்டும் ஈடுசெய்யும் அளவில்தான் சபை கட்டணம் வகுக்கலாம். குறிப்பிட்ட ஒரு விண்ணப்பத்துக்கு முழுக் கட்டணம் நியாயமற்றது என்று கண்டால் சபை அதைக் குறைக்கலாம், விட்டும் கொடுக்கலாம். கட்டணம் மிகை என்று நீங்கள் கருதினால், எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டி, கட்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் மேன்முறையிடலாம். அப்படிக் கட்டினாலும் விண்ணப்பத்தைச் சபை பரிசீலித்தே ஆக வேண்டும். இலாப நோக்கற்ற சங்கங்கள் இந்த இரண்டாவது வழியை அவசியம் முயல வேண்டும். நாங்கள் ஒரு பக்கக் கடிதத்தில் கேட்டோம். ஒரு பகுதியைக் குறைத்தார்கள். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை.

5. முன் ஆலோசனைக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள்

சட்டமூலம் 185 நிறைவேறிய 2024 ஜூன் 6 முதல், முன் ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சபை வற்புறுத்த முடியாது. இதைக் கேட்டுச் சிலர், கூட்டம் தேவையில்லை என்று ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எந்த அறிக்கைகள் வேண்டும் என்ற பட்டியல் உங்களுக்கு எழுத்தில் கிடைப்பது இந்தக் கூட்டத்தில்தான். பிராந்தியத்தின் வீதிப் பிரிவையும் நீர்ப் பிரிவையும் அதே கூட்டத்துக்கு அழைக்கும்படி மாநகரசபையின் திட்டமிடல் அலுவலரிடம் நீங்களே கேளுங்கள். அவர்கள் வராவிட்டால் எழுத்திலாவது கருத்துக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: இந்தக் காணிக்குக் கழிவுநீர்க் கொள்ளளவு இருக்கிறதா, அதை ஒதுக்குவது யார்? பதில் இல்லை என்றால் மற்ற அறிக்கைகளுக்குப் பணம் செலவிடுவதை நிறுத்திவையுங்கள்.

6. ஆவணங்களை இந்த ஒழுங்கில் சேருங்கள்

முதலில் மலிவானவை: காணிப் பதிவேட்டின் அண்மைய பிரதி, உரிமையாளர் வேறொருவரானால் அவரது கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், சங்கமானால் இயக்குநர் சபைத் தீர்மானம், பதிவு பெற்ற நில அளவையாளரின் வரைபடம். பத்து ஆண்டுக்கு முந்திய அளவைப் படத்தை எங்களிடம் ஏற்கவில்லை. பிராந்திய வீதியின் எல்லை அதற்குப் பிறகு மாறியிருந்தது. விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சத்தியக் கூற்றைச் சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டு போகாதீர்கள்.

அடுத்து, பதிவு பெற்ற திட்டமிடலாளர் ஒருவர் எழுதும் நியாயப்படுத்தல் அறிக்கை. இதில் ஒரு வரி எங்களுக்கு இரண்டு மாதங்களைத் தின்றது. சபைகள் பின்பற்ற வேண்டிய மாகாணக் கொள்கை ஆவணமான புதிய திட்டமிடல் அறிக்கை 2024 ஒக்ரோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. 2020இன் கொள்கை அறிக்கையும் வளர்ச்சித் திட்டமும் அன்றோடு நீங்கின. எங்கள் அறிக்கை அதற்கு முன்பே எழுதப்பட்டதால் நீங்கிய கொள்கைகளையே மேற்கோள் காட்டியிருந்தது. சபை அதை ஏற்க மறுத்தது. திருத்தி எழுத மீண்டும் பணம் கொடுத்தோம். உங்களிடம் பழைய அறிக்கை இருந்தால், அதன் திகதியைப் பாருங்கள். கைத்தொழில் காணியைக் கைத்தொழில் பகுதியிலிருந்தே நீக்கக் கோருவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கையைச் சபை மறுத்தால் அதை எதிர்த்து மேன்முறையிட உங்களுக்கு வழி இல்லை.

அதன்பின் முன் ஆலோசனைப் பட்டியல் கேட்ட பொறியியல் அறிக்கைகள்: நீர், கழிவுநீர், மழைநீர் பற்றிய சேவை அறிக்கை, போக்குவரத்து ஆய்வு, மண் மாசுபாட்டின் முதற்கட்ட ஆய்வு, தேவையானால் இரைச்சல் ஆய்வும் மர ஆய்வும். சேவை அறிக்கையை இரண்டு அரசுகளும் படிப்பதால், மழைநீர்ப் பகுதியையும் கழிவுநீர்ப் பகுதியையும் தனித்தனி அத்தியாயமாக எழுதும்படி பொறியியலாளரிடம் சொல்லுங்கள். ஒரு பகுதியில் வரும் திருத்தத்துக்காக முழு அறிக்கையும் இரண்டு இடங்களிலும் மறுபடி சுற்றுவதை அது தவிர்க்கும். திருத்தத்தின் வரைவு வாசகமும் வரைபடமும் உங்கள் பக்கமிருந்தே போக வேண்டும்.

7. நாட்காட்டியில் குறிக்க வேண்டிய எண்கள்

விண்ணப்பமும் கட்டணமும் கிடைத்த 30 நாட்களுக்குள், அது முழுமையானதா இல்லையா என்று சபை சொல்ல வேண்டும். திட்டத் திருத்தத்தில் 120 நாட்களுக்குள்ளும், வலயத் திருத்தம் மட்டுமானால் 90 நாட்களுக்குள்ளும், இரண்டும் சேர்ந்தால் 120 நாட்களுக்குள்ளும் முடிவு வராவிட்டால், நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்னர் தாமதத்துக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதி இருந்தது. சட்டமூலம் 185 அதை நீக்கிவிட்டது. பணம் திரும்பும் என்று இன்னும் சிலர் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உண்மையில் பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த எண்களைத் தாண்டியே முடிகின்றன. கருத்துரைகள் வந்து, திருத்தி, மீண்டும் சமர்ப்பிக்கும் சுற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாள் முன்பு அறிவித்தல் போக வேண்டும். அஞ்சலில் அனுப்புவதானால் உங்கள் காணியிலிருந்து 120 மீற்றருக்குள் உள்ள உரிமையாளர்களுக்கு அனுப்புவார்கள். அதற்கு முன்பே நீங்கள் அயலவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவது நல்லது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரின் கவலை ஞாயிறு மாலை வாகன நெரிசல் ஒன்றே. அதை முன்பே அறிந்ததால் தரிப்பிட வரைபடத்தில் ஒரு வழியை மாற்ற முடிந்தது. கூட்டத்தில் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

8. முடிவு வந்த பிறகும் பணம் இருக்கட்டும்

திருத்தம் நிறைவேறிய 15 நாட்களுக்குள் முடிவு அறிவித்தல் வர வேண்டும். அறிவித்தல் கொடுக்கப்பட்டதிலிருந்து மேன்முறையீட்டுக்கு 20 நாட்கள். 2024 ஜூன் முதல், விண்ணப்பதாரர், காணி உரிமையாளர், சட்டம் பெயர் குறிப்பிட்ட நிறுவனங்கள், பொது அமைப்புகள் முதலானோருக்கே அந்த உரிமை உண்டு. அயலவர்கள் முன்புபோல மேன்முறையிட முடியாது. 20ஆம் நாள் கழிந்து, மேன்முறையீடு இல்லை என்ற உறுதிப்படுத்தலைச் சபையின் பதிவுச் செயலாளரிடம் (கிளார்க்) பெற்ற பிறகே ஒப்பந்தக்காரரிடம் முற்பணம் கொடுங்கள்.

வலய விதியில் உங்கள் காணியின் வலயக் குறியீட்டோடு நிறுத்திவைப்புக் குறி போடப்பட்டிருந்தால், அதாவது பெரிய எச் எழுத்து இருந்தால், நிபந்தனை நிறைவேறும்வரை கட்ட முடியாது. நிபந்தனை பெரும்பாலும் பிராந்தியத்தின் குழாய்க் கொள்ளளவையோ வீதி வேலையையோ பற்றியது. ஆனால் குறியை நீக்கும் விண்ணப்பமும் கட்டணமும் உள்ளூர் சபைக்கு. பிராந்தியம் எழுத்தில் ஒப்புதல் தந்த அன்றே நீக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். தானாக எதுவும் நீங்காது.

கட்டட அனுமதி பெறும்போது, வளர்ச்சியால் வேண்டிவரும் வீதி, குழாய் போன்றவற்றுக்காக அறவிடப்படும் மேம்பாட்டுக் கட்டணத்திலும் இதே பிரிவினை தொடர்கிறது. உள்ளூர்ப் பங்கு, பிராந்தியப் பங்கு, அறவிடப்படும் இடங்களில் பாடசாலைச் சபையின் பங்கு என மூன்றும், பெரும்பாலும் மாநகரசபையின் அதே கவுண்டரிலேயே வாங்கப்படுகின்றன. ஒரே பற்றுச்சீட்டில் வருவதால் அது ஒரே கட்டணம் என்று எண்ணிவிடாதீர்கள். வழிபாட்டிடம், இலாப நோக்கற்ற பயன்பாடு, பழைய கட்டடத்தின் இருக்கும் பரப்பு ஆகியவற்றுக்கான விலக்குகள் ஒவ்வொரு துணைவிதியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். மாநகரசபை தந்த விலக்கைப் பிராந்தியம் தரும் என்று கொள்ள முடியாது. எங்களுக்கு ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. பிராந்தியத்தின் துணைவிதிப்படி விலக்குக் கோரும் படிவத்தை, கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதன் நிதிப் பிரிவுக்கு அனுப்பி, கிடைத்த பதிலின் பிரதியை மாநகரசபைக் கவுண்டரில் காசோலையோடு சேர்த்துக் கொடுங்கள்.